குளிசையை நிற்பாட்டச் சொன்னது எந்த ஆராய்ச்சி?

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 43, கணவருக்கு 51. கணவர் முன்னாள் போராளி. கடைசி யுத்த காலத்தில் மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதுகில் இரண்டு செல் துண்டுகள் எடுக்க ஏலாமல் அப்படியே இருக்கின்றன. புனர்வாழ்வு முடிந்து வந்து, வீட்டு வாசலில் சைக்கிள் திருத்தும் கடை போட்டு மூன்று பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். இல்லாத காலின் பெருவிரல் மடங்கி இறுகி நோகிறது என்று நடுச்சாமத்தில் எழும்பி இருப்பார். திருவிழா வெடிச் சத்தம் கேட்டால் கடையை அரைவாசியில் பூட்டிவிடுவார். முன்பு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனவர், இப்போது சனக்கூட்டம் என்றாலே ஒதுங்குகிறார். ஆனாலும் மூன்று வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சேர்ட்ரலீன் என்ற மனவருத்தக் குளிசையும் பிரிகபலின் என்ற நரம்பு நோக் குளிசையும் எடுத்து ஓரளவு நித்திரை கொண்டுவந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் சகோதரியின் தம்பி கனடாவிலிருந்து போன் எடுத்து, "அமெரிக்காவில முன்னாள் படைவீரருக்கு இப்ப குளிசை குடுக்கிறேல்லை அக்கா. ஊசியும் யோகாவும் தியானமும்தான். ஆராய்ச்சி செய்து நிரூபிச்சிட்டினம்" என்றிருக்கிறார். அதன்பின் ஒரு தனியார் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். 12 தடவை அக்குபங்சர் (உடம்பில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை), முதுகுக்கு வர்ம அழுத்தம், பெயர் ஒட்டாத ஒரு போத்தல் பஸ்பம், எல்லாம் சேர்த்து 90,000 ரூபா. குளிசை உடம்பில் இருந்தால் சிகிச்சை பிடிக்காது என்று அங்கே சொன்னதால், கணவர் மூன்று கிழமையாக இரண்டு குளிசையையும் நிற்பாட்டிவிட்டார். தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல இருக்கிறதாம். நித்திரை இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். மிச்சப் பணத்துக்குக் காப்பை அடகு வைக்கலாமா என்று சகோதரி கேட்கிறார். கணவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: "அவங்கட ஆமிக்காரருக்குச் செய்து பார்த்தது எனக்கு எப்பிடிச் சரிவரும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிற்கவைத்தது, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இடம் போதாமல் சரித்து எழுதிய ஒரு வரி. "நான் இல்லாட்டி உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை எண்டு போன கிழமை சொன்னார்." ஊசி, யோகா எல்லாவற்றுக்கும் முதல் இதைப் பார்ப்போம்.

இன்றைக்கே, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். "ஓம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மிச்சக் குளிசைகள் உங்கள் கையில் இருக்கட்டும். இரவில் யாருடன் கதைப்பது என்று தெரியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

நீங்கள் எழுதிய கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல், நித்திரையின்மை எல்லாம் சேர்ட்ரலீனையும் பிரிகபலினையும் திடீரென்று நிற்பாட்டினால் வரக்கூடியவை. அந்த நிலையம் இதை "கழிவு வெளியேறுகிறது" என்று விளக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்கம் பிழை. குளிசை அடக்கி வைத்திருந்த வருத்தம் திரும்பத் தலைகாட்டுவதும் இதில் கலந்திருக்கலாம். அதற்காக நீங்களாகவே பழைய அளவில் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். மூன்று கிழமை இடைவெளிக்குப் பிறகு எந்த அளவில் தொடங்குவது என்பதைக் கிளினிக் வைத்தியர் சொல்லவேண்டும். கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் இந்தக் கிழமையே போங்கள். ஏச்சு விழும் என்று அவர் தயங்குவார். குளிசையை நிற்பாட்டிவிட்டு வருகிறவர்களை வைத்தியர்கள் நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர் வந்தால் போதும்.

அமெரிக்காவில் எதை நிற்பாட்டினார்கள்?

உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாக விளங்கிக்கொண்டால் மிச்சக் குழப்பம் தீரும்.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் திணைக்களம் அந்த நாட்டில் மிகப்பெரிய ஆஸ்பத்திரி வலைப்பின்னல்களில் ஒன்றை நடத்துகிறது. நாட்பட்ட முதுகு நோ, மூட்டு நோ என்று வந்த வீரர்களுக்கு அங்கே பல வருடமாக ஓபியோயிட் வகைக் குளிசைகளைத் தாராளமாக எழுதினார்கள். மோர்பினுடைய குடும்பம் அது. பலர் அதற்கு அடிமையானார்கள், அளவு மிஞ்சி இறந்தவர்களும் உண்டு. அப்படிக் கொடுத்தும் நோ குறைந்ததா என்று பார்த்தால், 240 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018 இல் வெளியான ஆய்வில், ஓபியோயிட் எடுத்தவர்கள் சாதாரண நோக் குளிசை எடுத்தவர்களைவிட நன்றாக இயங்கவில்லை. ஓபியோயிட் பிரச்சினைக்காக 2016 இல் வந்த சட்டமொன்று, மருந்தில்லாத வழிமுறைகளை விரிவாக்கும்படி திணைக்களத்துக்குச் சொன்னது. 2017 இல் அக்குபங்சர், யோகா, தியானம், தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி, மசாஜ் உட்பட எட்டு முறைகள் அங்கீகரிக்கப்பட்டன. 18 ஆஸ்பத்திரிகளில் இவற்றை வழமையான வைத்தியத்துடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, நாட்பட்ட நோ உள்ளவர்களில் இவற்றை நிறையப் பயன்படுத்தியவர்களின் ஓபியோயிட் பாவனை 38 சதவீதம் குறைந்தது. பயன்படுத்தாதவர்களிடம் 11 சதவீதம்தான் குறைந்தது. தாமாக விரும்பி வந்தவர்களைப் பற்றிய கணக்கு என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நல்ல சேதி.

இப்போது உங்கள் கணவரின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். சேர்ட்ரலீன், பிரிகபலின். இரண்டுமே ஓபியோயிட் இல்லை. அதைவிட, போர் போன்ற கொடுமையான அனுபவத்துக்குப் பின் வரும் மனவடு நோய்க்கு (PTSD) அதே அமெரிக்கத் திணைக்களம் பாதுகாப்புத் துறையுடன் சேர்ந்து 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியைத் திறந்தால், சிபாரிசு செய்யப்பட்ட மருந்துகளில் சேர்ட்ரலீன் இருக்கிறது. அமெரிக்காவைக் காட்டி உங்களிடம் நிற்பாட்டச் சொன்ன குளிசை, அமெரிக்காவில் அவர்கள் கொடுக்கிற குளிசைதான்.

தம்பியுடன் கோபிக்க வேண்டாம். தூர இருந்து அத்தானுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில் சொல்லியிருக்கிறார். மேலே உள்ள பந்தியை அவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி

"அவங்கட ஆமிக்காரருக்குச் செய்து பார்த்தது எனக்கு எப்பிடிச் சரிவரும்?" மிகச் சரியான கேள்வி. நரம்பும் தசையும் பயமும் எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. அந்த அளவில் அந்த ஆய்வுகள் நமக்கும் பொருந்தும். வாழ்க்கை வேறு. அந்த வீரர்களில் பலருக்கு மாதாமாதம் உதவிப்பணம் வருகிறது, ஊர் அவர்களை மரியாதையுடன் பார்க்கிறது. உங்கள் கணவர் வேலைக்கு விண்ணப்பித்தபோது "புனர்வாழ்வு பெற்றவரா?" என்று கேட்டுவிட்டு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாரத்தை எந்த ஊசியும் இறக்காது. யாராவது "அமெரிக்க இராணுவ முறை" என்று சொன்னாலே ஏதோ மந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அக்குபங்சரை 93 முன்னாள் வீரர்களுக்கு, பாதிப் பேருக்கு உண்மையாகவும் மீதிப் பேருக்குப் போலியாகவும் குத்திப் பார்த்து 2024 இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையாகக் குத்தியவர்களின் மனவடு அறிகுறிகள் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தன. ஒரே இடத்தில், சிறிய தொகையினரிடம் நடந்த ஆய்வு. இதற்கு முந்திய வருடத்து வழிகாட்டி, அக்குபங்சருக்கும் யோகாவுக்கும் போதிய ஆதாரம் இன்னும் சேரவில்லை என்றுதான் எழுதியது. தியானத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 2015 இல் 116 பேரில் நடந்த ஆய்வில், கவனத்தை மூச்சிலும் உடம்பிலும் நிறுத்தப் பழகிய குழு மற்றக் குழுவைவிட முன்னேறியது. ஆனால் முன்னேற்றம் மிதமானது. வருத்தம் முற்றாக நீங்கியவர்களின் தொகை இரண்டு குழுவிலும் பெரிதாக வித்தியாசப்படவில்லை.

நாட்பட்ட முதுகு நோவுக்கு யோகா செய்த 150 வீரர்களின் கதை எனக்குப் பிடித்தது. கிழமைக்கு இரண்டு தடவை, 12 கிழமை. பன்னிரண்டாம் கிழமை அளந்தபோது, அன்றாட வேலை செய்யும் திறனில் யோகா செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதம் அளந்தபோது வித்தியாசம் வந்திருந்தது. "பத்து நாளில் சுகம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத காலுக்கு ஒரு கண்ணாடி

நீங்கள் கேட்காத ஒன்றை இனிச் சொல்லப்போகிறேன். 90,000 ரூபாப் பட்டியலில் இது இல்லை, செலவும் இல்லை.

முதலில் நோ எங்கே என்று பிரித்து அறியவேண்டும். வெட்டிய இடத்தில் நோகிறதா, அல்லது இல்லாத பெருவிரலில் நோகிறதா? வெட்டிய இடத்தில் என்றால் பொய்க்கால் இறுகியிருக்கலாம், தோல் புண்பட்டிருக்கலாம், நரம்பு முனை கட்டிபட்டிருக்கலாம். அதற்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ காலைக் காட்டிப் பொருத்தத்தைச் சரிசெய்யவேண்டும். உங்கள் கணவர் சொல்வது பெருவிரலில். மூளையில் அந்தக் காலுக்கு உரிய இடம் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து "அசை" என்று கட்டளை போகிறது, அசைந்ததாகக் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இறுகிய விரலை அவிழ்க்க மூளைக்கு வழி தெரியாமல் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். 2007 இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ ஆஸ்பத்திரியில் கால் இழந்த 18 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இருந்தும் செய்து பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

அலுமாரியில் பூட்டுகிற மாதிரி நீட்டுக் கண்ணாடி ஒன்று எடுங்கள். விளிம்பில் கை வெட்டாமல் துணி சுற்றிவிடுங்கள். அவர் பாயில் காலை நீட்டி இருக்கட்டும், பொய்க்காலைக் கழற்றிவிட்டு. கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் நிறுத்துங்கள், கண்ணாடியின் முகம் வலது காலைப் பார்த்தபடி. குறைந்த கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இனி அவர் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால், இடது கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழுக்கால் தெரியும். வலது பாதத்தை மெல்ல மேலே கீழே ஆட்டவேண்டும், விரல்களை மடக்கி விரிக்கவேண்டும். அதே நேரம் இல்லாத விரல்களையும் அதேமாதிரி விரிக்க முயலவேண்டும், கண்ணை எடுக்காமல். நாளுக்கு 15 நிமிடம், நான்கு கிழமை.

முதல் நாள் நீங்கள் பக்கத்தில் இருங்கள். எங்கள் கிளினிக்கில் ஒருவர் கண்ணாடிக்குள் பார்த்தபடி ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெருவிரலைக் காட்டி, "நகம் வெட்டவேணும்" என்றார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அழுகை வரலாம், தலை சுற்றலாம். அப்படியென்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த நாள் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். இப்போது அவர் இருக்கிற நிலையில், கிளினிக்கில் காட்டி நித்திரை கொஞ்சம் சீரான பிறகு இதைத் தொடங்குங்கள். அங்குள்ள இயன்மருத்துவரிடம் கேட்டால் செய்து காட்டுவார்.

எவற்றில் கவனம் வேண்டும்

அந்தப் பெயரில்லாத பஸ்பத்தை உடனே நிற்பாட்டுங்கள். சித்த மருத்துவத்தை நான் மதிக்கிறேன். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, படித்துப் பதிவுசெய்த சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களே சொல்வார்கள், உலோகமும் பாதரசமும் சேர்கிற மருந்துகளைச் சுத்திமுறை தவறாமல் செய்யவேண்டும், ஆள் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. யார் செய்தது, உள்ளே என்ன என்று எழுதாத போத்தலை நம்பிச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க முடியாது.

செல் துண்டு உள்ள முதுகில் வர்ம அழுத்தமோ பலமான உருவலோ வேண்டாம். துண்டு முள்ளந்தண்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்தவருக்குத்தான் தெரியும். எங்கே போனாலும், குறிப்பாக யாராவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், "உடம்பில செல் பீஸ் இருக்கு" என்று முதலில் சொல்லிவிடவேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

அக்குபங்சர் செய்ய அவருக்கு விருப்பம் என்றால் நான் தடுக்கமாட்டேன். பயிற்சி பெற்ற வைத்தியர், ஒவ்வொரு தடவையும் உங்கள் கண் முன்னால் உடைக்கிற புது ஊசி, குளிசையில் கைவைக்காத ஏற்பாடு. இந்த மூன்றும் இருந்தால் செய்யலாம். அதற்காகக் காப்பு அடகுக்குப் போகவேண்டாம், சகோதரி. இருக்கிற ஆதாரம் அந்த விலைக்குப் பெறுமதி இல்லை.

தியானம் எல்லாருக்கும் அமைதிதான் தரும் என்று நினைக்கிறோம். போர் கண்டவர் இருட்டு மண்டபத்தில் கண்ணை மூடினால் சிலவேளை அந்த இடத்துக்கே திரும்பப் போய்விடுவார். ஆகவே கண் திறந்தபடி, முதுகு சுவரில், வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்து தொடங்கட்டும். யாரும் பின்னால் வந்து தொட்டுத் திருத்தக்கூடாது. ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவில் மனவடு உள்ளவர்களுக்கென்று யோகா சொல்லிக்கொடுப்பவர்களும் இந்த ஒழுங்குகளைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

இதற்கு நாம் அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. யுத்தம் நடந்த காலத்திலேயே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்த மண்ணில் மூச்சுப் பயிற்சியையும் சாந்தி ஆசனத்தையும் மந்திரம் உச்சரிப்பதையும் மனவடு பட்டவர்களுக்குச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். சைவருக்கு அவரவர் மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரை உச்சரிக்கும் திக்ர். உங்கள் கணவருக்குச் சந்நிதி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேண்டாம். சனம் இல்லாத ஒரு நாள் பின்னேரம், தொண்டைமானாற்றுக் காற்று வரும் நேரம் இருவரும் போய் வீதியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். பூசை பார்க்கவேண்டும் என்றுகூட இல்லை.

எதற்கும் மேலாக ஆதாரம் உள்ளது, நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவருடன் படிப்படியாகக் கதைத்துக் கடக்கும் உளச்சிகிச்சை. மூன்று வருடக் கிளினிக்கில் அவருக்கு அது கிடைத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. சனம் கூடிய கிளினிக்கில் நாங்கள் குளிசை எழுதுவதோடு நின்றுவிடுகிறோம், அது எங்கள் பக்கத்துக் குறை. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளமருத்துவப் பிரிவில், "இவருக்கு உளவளத்துணை வேணும்" என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

உங்கள் உரிமைகள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை முழுவதும் இலவசம். முன்னாள் போராளி என்ற காரணத்தால் அவரை யாரும் வேறாக நடத்த முடியாது. வைத்தியரிடம் சொல்வது வேறு இடத்துக்குப் போய்விடும் என்று அவர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தினால் அல்லது உயிருக்கு ஆபத்து வந்தால் தவிர, அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் சொன்னதை நாங்கள் வெளியே சொல்லக்கூடாது. எந்த இடத்தில், யாருடைய கட்டளையில் என்ற கதையெல்லாம் எங்களுக்குத் தேவையும் இல்லை. கனவில் என்ன வருகிறது என்று தெரிந்தால் போதும்.

தனியார் நிலையத்தில் ஊசி போடுபவரிடம் அவருடைய பதிவு என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கில வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில், சித்த வைத்தியர் என்றால் 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்கவேண்டும். கட்டிய காசுக்கு ரசீது கேளுங்கள், மிச்சத் தவணையைக் கட்டாமல் விடுங்கள்.

கிளினிக்குக்குப் போகிற அன்று ஒரு பையில் கிளினிக் கொப்பி, மிச்சக் குளிசைகள், பழைய எக்ஸ்ரே, அந்தப் பஸ்பப் போத்தல் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போத்தலை எறிந்துவிடாதீர்கள், இரத்தப் பரிசோதனை எழுதுகிற வைத்தியருக்கு அது தேவைப்படும். அவர் ஓரத்தில் சொன்ன அந்த வரியையும், அவர் முன்னாலேயே, வைத்தியரிடம் சொல்லுங்கள்.